தனிவழியும் உள்ளத்து அச்சமும்

(ஆலங்குடியில் ஆற்றிய ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

 

 

சில நாட்களுக்கு முன் ஒரு வாலிபர் என்னைத் தனியே சந்தித்தார். இருசக்கர வாகன விபத்தில் எலும்பு முறிந்து, அல்லாஹ்வின் அருளால் குணமடைந்தவர். காயம் ஆறி ஒன்றரை ஆண்டு ஆகிவிட்டது. ஆயினும் ஊர் எல்லையைத் தாண்டித் தனியாக வண்டி ஓட்ட அவரால் இயலவில்லை. பின்னால் ஒருவர் அமர்ந்திருந்தால் ஓட்டுகிறார். தனியே என்றால் கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. புதுக்கோட்டை இங்கிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர்தான். அங்கே கடை கடையாகச் சென்று ஆர்டர் எடுக்கும் வேலை ஒன்று கிடைத்தது. இந்த அச்சத்தினாலேயே அதை விட்டுவிட்டார். இதைவிட அவரை அதிகம் வருத்தியது உறவினர் ஒருவரின் சொல். உண்மையான முஃமின் அல்லாஹ்வைத் தவிர வேறெதற்கும் அஞ்சமாட்டான், உன் ஈமானில்தான் கோளாறு என்று அவர் சொல்லிவிட்டாராம். "ஹஜ்ரத், எனக்கு ஈமான் இல்லையா?" என்று கேட்டபோது அந்த வாலிபரின் கண்கள் கலங்கியிருந்தன.

இத்தகைய தீர்ப்பை அவ்வளவு எளிதாக வழங்கும் துணிச்சல் நமக்கு எங்கிருந்து வந்தது? திருக்குர்ஆனில் மிக அதிகமாகப் பெயர் சொல்லப்பட்ட நபி மூஸா (அலை) அவர்கள். அவர்களின் வாழ்வில் ஒரு தனிவழிப் பயணம் உண்டு. மிஸ்ரில் தம் கையால் எதிர்பாராமல் ஓர் உயிர் போய்விட்டது. தம்மைக் கொல்லச் சதி நடக்கிறது என்று ஒருவர் ஓடிவந்து எச்சரிக்கிறார். உடனே புறப்படுகிறார்கள். துணை இல்லை, வழிகாட்டி இல்லை. மத்யன் எட்டு நாள் நடைதூரம் என்பது விரிவுரையாளர்கள் சிலர் கூறும் செய்தி. அவர்கள் அச்சத்துடனும், நாற்புறமும் கவனித்தவர்களாகவும் வெளியேறினார்கள் என்பதை அல்கஸஸ் அத்தியாயத்தின் 21ஆம் வசனம் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது. ஒரு நபியின் அச்சத்தை அல்லாஹ் மறைக்கவில்லை. அதற்காகக் கடிந்துகொள்ளவும் இல்லை. மாறாக, கியாமத் நாள் வரை நாம் ஓதும் வேதத்தில் அதைப் பதிவு செய்து வைத்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அச்சம் நீங்கிய பிறகு அவர்கள் நடக்கத் தொடங்கவில்லை. அச்சத்தைச் சுமந்துகொண்டே நடந்தார்கள். நடந்துகொண்டே துஆச் செய்தார்கள். மத்யனின் நீர்த்துறையை அடைந்தபோதும் அந்த நெருக்கடி தீரவில்லை, உணவில்லை, உறவில்லை. அந்த நிலையிலும், ஆடவர் கூட்டத்திற்குப் பின்னால் ஒதுங்கி நின்ற இரு பெண்களின் கால்நடைகளுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்தார்கள். பிறகுதான் நிழலில் ஒதுங்கி, தன் ரப்பிடம் தன் தேவையை முறையிட்டார்கள்.

அப்பெண்களின் முதிய தந்தை அழைத்தார். மூஸா (அலை) அவர்கள் சென்று தம் வரலாறு முழுவதையும் எடுத்துரைத்தார்கள். அதன் பிறகே அப்பெரியவர், அஞ்ச வேண்டாம், அநியாயக்காரர்களிடமிருந்து தப்பிவிட்டீர் என்று ஆறுதல் கூறினார் (28:25). இந்த வரிசையை நம் குடும்பத்துப் பெரியவர்கள் உற்று நோக்க வேண்டும். முதலில் முழுவதும் கேட்டார். பிறகு ஆறுதல் சொன்னார். அதன் பின் வேலை கொடுத்தார், வீடு கொடுத்தார். நாம் என்ன செய்கிறோம்? பாதி கேட்பதற்குள் 'இதெல்லாம் ஒரு பயமா?' என்கிறோம். அல்லது ஃபத்வா கொடுத்துவிடுகிறோம்.

ஆண்டுகள் கழிந்தன. எந்த மண்ணிலிருந்து அஞ்சி வெளியேறினார்களோ, அதே மண்ணுக்கு மூஸா (அலை) அவர்கள் திரும்பிப் போக நேர்ந்தது. அந்தப் பயணத்தில்தான், குடும்பத்தாரை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, தூரத்தில் தெரிந்த நெருப்பை நோக்கித் தனியே சென்றார்கள். அங்கேதான் நுபுவ்வத் கிடைத்தது. ஃபிர்அவ்னிடம் செல்லப் பணிக்கப்பட்டபோது மீண்டும் அச்சத்தைச் சொன்னார்கள். தான் உடன் இருப்பதாகவும், கேட்டுக்கொண்டும் பார்த்துக்கொண்டும் இருப்பதாகவும் அல்லாஹ் வாக்களித்தான் (20:46). கேட்டபடி ஹாரூன் (அலை) அவர்களையும் துணைக்குத் தந்தான். துணை கேட்பது கோழைத்தனம் என்று யார் சொன்னது?

சகோதரர்களே! தனியே பயணம் செய்வதை நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லையே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். தனிமையில் இருப்பது குறித்துத் தாம் அறிந்ததை மக்களும் அறிந்தால் எந்தப் பயணியும் இரவில் தனியே செல்லமாட்டார் என்று அவர்கள் எச்சரித்ததாக இப்னு உமர் (ரலி) அறிவிக்கிறார்கள். ஆனால் இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் இந்த ஹதீஸை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். தனியே செல்வது பற்றிய அதே பாடத்தில், அகழ்ப்போரின்போது எதிரிகளின் செய்தியறிய ஸுபைர் (ரலி) அவர்கள் முன்வந்த ஹதீஸையும் பக்கத்திலேயே பதிவு செய்திருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தேவையின்றி, இரவில், துணை கிடைத்தும் தனியே செல்லாதீர்கள். தேவை வந்துவிட்டால் செல்லுங்கள். மார்க்க அறிஞர்கள் இந்த எச்சரிக்கையை நல்வழிகாட்டலாகவே கொண்டார்கள், முற்றான தடையாகக் கொள்ளவில்லை.

அதே அகழ்ப்போரின் ஓர் இரவை ஹுதைஃபா (ரலி) அவர்கள் வாயிலாக முஸ்லிம் நூலில் காண்கிறோம். கடுங்காற்று, கடுங்குளிர். எதிரிகளின் செய்தியைக் கொண்டுவருபவர் மறுமையில் தம்முடன் இருப்பார் என்று நபி (ஸல்) அவர்கள் மூன்று முறை அறிவித்தார்கள். ஸஹாபாக்கள் அனைவரும் மௌனமாக இருந்தார்கள்! சொர்க்கத்தின் நற்செய்தியைச் சொன்ன பின்னும் உடல் எழ மறுத்த இரவு அது. நபியவர்கள் எவரையும் பழிக்கவில்லை. ஹுதைஃபாவைப் பெயர் சொல்லி எழுப்பினார்கள். பெயர் சொல்லிவிட்ட பிறகு எழுவதைத் தவிர வழியில்லை என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். நடக்கத் தொடங்கியதும், வெந்நீர்க் குளியலறைக்குள் நடப்பதுபோல் குளிர் மறைந்துவிட்டது. பணி முடிந்து திரும்பியதும் மீண்டும் குளிர் பற்றிக்கொண்டது. நபியவர்கள் தம் மேலங்கியின் ஒரு பகுதியால் அவர்களைப் போர்த்தினார்கள். விடியும் வரை அயர்ந்து உறங்கினார்கள். அல்லாஹ்வின் உதவி வீட்டில் உட்கார்ந்திருந்தபோது வரவில்லை, முதல் அடி வைத்த பின்பே வந்தது.

உலகம் சுற்றிய இப்னு பதூதாவை நாம் பெருமையுடன் நினைக்கிறோம். 1325ஆம் ஆண்டு, ஹிஜ்ரி 725 ரஜப் மாதத்தில், இருபத்தொரு வயதில் தான்ஜியரிலிருந்து ஹஜ்ஜுக்குத் தனியே புறப்பட்டவர். வழியில் காய்ச்சல் கண்டது. கீழே விழுந்துவிடாதிருக்கத் தலைப்பாகைத் துணியால் தம்மைச் சேணத்தோடு பிணைத்துக்கொண்டு சென்றார். துனிஸ் நகரை அடைந்தபோது மக்கள் வந்து பயணிகளுக்கு ஸலாம் சொல்லி வரவேற்றனர். இவரை அறிந்தவர் எவருமில்லை. தனிமை தாளாமல் அழுதுவிட்டார். ஹாஜி ஒருவர் அதைக் கண்டு அருகில் வந்து, ஸலாம் கூறி, பேச்சுக் கொடுத்துக்கொண்டே நகரம் வரை அழைத்துச் சென்றார். அப்படி அழுதவர்தான் 1340களில் நம் மதுரை வரை வந்து சென்றார். உலகம் சுற்றி வந்த பிறகும் அந்தக் கண்ணீரைத் தம் பயணநூலிலிருந்து அவர் நீக்கவில்லை. அந்த ஹாஜியின் பெயர் எவருக்கும் நினைவில்லை. அவருடைய கூலி அல்லாஹ்விடம் இருக்கிறது.

வெகுதூரம் போக வேண்டாம். நம் மாவட்டத்தின் செய்தியையே எடுத்துக்கொள்வோம். 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால், எழுத்தோடு சைக்கிளும் பெண்களுக்குக் கற்பிக்கப்பட்டது. கேலியும் இழிசொல்லும் இல்லாமலில்லை. ஆயினும் கிராமத்துப் பெண்கள், அவர்களில் நம் சமுதாயப் பெண்களும், விழுந்து எழுந்து கற்றார்கள். சைக்கிள் போட்டிகளில் 70,000-க்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்றதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். பேருந்துக்குக் காத்திராமல், எவரையும் எதிர்பாராமல், தண்ணீருக்கும் சந்தைக்கும் தாமே சென்றார்கள். அஸ்மா (ரலி) அவர்கள் மதீனாவிலிருந்து ஃபர்ஸக் தூரத்தில் மூன்றில் இரு பங்கு தொலைவிலிருந்த நிலத்திலிருந்து பேரீச்சங்கொட்டைகளைத் தலையில் சுமந்துவந்த ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. அதை ஓதும் நமக்கு இது அதிசயமாகத் தோன்றக் கூடாது. பெண்களின் நெடும்பயணத்திற்கு மஹ்ரம் துணை பற்றிய சட்டங்கள் தனித் தலைப்பு. நான் சொல்வது அன்றாடப் போக்குவரத்தை. கணவர் சபுரில் இருக்க, மாமியாரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டிய சகோதரிகள் நம்மிடையே எத்தனை பேர்!

அவர்களுக்குச் சாலையை அச்சமாக்குபவர் யார்? தெருமுனையில் நின்று முறைத்துப் பார்ப்பவரும், ஹாரன் அடித்து உரசிச் செல்பவரும்தாமே! சாலையில் அமர்ந்தால் அதன் உரிமையைக் கொடுங்கள் என்று நபி (ஸல்) கட்டளையிட்டார்கள். பார்வையைத் தாழ்த்துவதும் தொல்லை தராதிருப்பதும் அந்த உரிமையில் அடங்கும். ஹீராவிலிருந்து ஒரு பெண் அல்லாஹ்வைத் தவிர எவருக்கும் அஞ்சாமல் பயணித்து கஅபாவை தவாஃப் செய்யும் காலம் வரும் என்று அவர்கள் அதீ பின் ஹாதிம் (ரலி) அவர்களிடம் முன்னறிவித்தார்கள். அதீ (ரலி) அதைத் தம் கண்ணாலேயே கண்டார்கள். அந்தச் சாலை நம் ஊரில் இருக்கிறதா?

அந்த வாலிபருக்கு நான் கூறியது இதுதான்: உங்கள் ஈமானுக்கு ஒன்றும் நேரவில்லை. முதலில் தலைக்கவசம். உஹதுப் போரில் நபியவர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இரு கவசங்கள் அணிந்தார்கள் என்று அபூதாவூதில் வருகிறது. நாமோ ஒரே ஒரு கவசத்தைக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு தவக்குல் பேசுகிறோம்! அடுத்து, பகலில், கூட்டமில்லாத வேளையில், கடைவீதி வரை தனியே போய் வாருங்கள். ஒரு வாரம் சென்று இன்னும் சிறிது தூரம். பிறகு வடகாடு வரை. நண்பர் ஒருவர் வேறு வண்டியில் பின்னால் வரட்டும். பின்னர் அவரும் வேண்டாம். வாகனத்தில் ஏறும் துஆவை ஓதுங்கள். மேட்டில் தக்பீர், பள்ளத்தில் தஸ்பீஹ் சொல்வது ஸஹாபாக்களின் வழக்கம். நாவு திக்ரில் இருந்தால் மனம் வீணான கற்பனையில் ஓடாது. விபத்தின் காட்சி தூக்கத்திலும் துரத்தினால் மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற எண்ணில் அரசின் கட்டணமில்லா ஆலோசனையும் கிடைக்கிறது. நோய்க்கு மருந்து தேடச் சொன்ன நபியின் உம்மத்து நாம்; உள்ளத்தின் நோய்க்கு மட்டும் வெட்கம் ஏன்?

வீட்டாருக்கும் ஒரு சொல். பிள்ளை வண்டியை எடுக்கும்போது, போன மாதம் அந்த வளைவில் நடந்த விபத்தை நினைவூட்டாதீர்கள். பயணம் புறப்படுபவரை நிறுத்தி, அவருடைய தீனையும் அமானிதத்தையும் அமல்களின் முடிவையும் அல்லாஹ்விடம் ஒப்படைத்து வழியனுப்புவது நபியவர்களின் வழக்கம். இப்னு உமர் (ரலி) அதை அப்படியே செய்துவந்தார்கள். வாசலில் நின்று அந்த துஆவைச் சொல்ல அரை நிமிடம் போதும்.

இந்த நேரத்தில் சாலையில் இருக்கும் நம் பிள்ளைகள் அனைவரையும் அல்லாஹ் பத்திரமாக வீடு சேர்ப்பானாக! ஆமீன்.