அரை இஞ்ச் நிப்பிள்

இந்த வாரம் ஆப், ஏஐ எதுவும் கிடையாது. ஒரு பழைய லேத்துல கூலண்ட் ஒழுகின கதை. ஒழுகினதுக்குக் காரணம் நான்தான்.

எங்க பெரியப்பா காட்டாங்குளத்தூர்ல சின்னதா ஒரு லேத்துப் பட்டறை வச்சிருக்கார். மறைமலைநகர் பக்கமிருந்து வர்ற ஜாப் வேலைதான் வருமானம்: புஷ், பின், ஷாஃப்ட். நான் மெக்கானிக்கல் படிச்சிட்டு ஐடிக்குப் போன கூட்டம். பொங்கல் லீவுல போனப்போ கூலண்ட் பைப்போட நிப்பிள் துருப்பிடிச்சிருந்துச்சு. "நான் பார்த்துக்கறேன் பெரியப்பா"ன்னு வீராப்பா சொல்லி, ஆன்லைன்ல அரை இஞ்ச் ஸ்டெயின்லெஸ் நிப்பிள் ஒண்ணு வாங்கி மாட்டிட்டு வந்துட்டேன். அழகா ஏறிச்சு.

மார்ச்ல பெரியம்மா போன். பட்டறையில வழுக்கி விழுந்து பெரியப்பாவுக்கு மணிக்கட்டு வீங்கியிருக்கு. போய்ப் பார்த்தா லேத்துக்குக் கீழே மரத்தூள். ரெண்டு மாசமா தினமும் தூள் போட்டுப் பெருக்கியிருக்கார்.

"ஏன் பெரியப்பா சொல்லல?"

"நீ ஆசையா மாட்டினியேடா."

அன்னிக்கு ராத்திரி ஒரு கணக்கு போட்டேன். நொடிக்கு ஒரு சொட்டு, சுமாரா 20 சொட்டு ஒரு மில்லி. எட்டு மணி நேரத்துல 28,800 சொட்டு, அதாவது கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டர். குறைஞ்சதுக்கு வெறும் தண்ணியை ஊத்தினா எண்ணெய் நீர்த்துப்போகும். மெஷின்ல துரு ஏறும், டேங்க்ல பாக்டீரியா வளரும். ஞாயிறு லீவு முடிஞ்சு திங்கக்கிழமை பட்டறையில வர்ற அழுகின முட்டை நாத்தம் அதுதான்.

சரி, ஏன் ஒழுகுச்சு? மெயினை ஆஃப் பண்ணி, நிப்பிளைக் கழட்டி, மரை கேஜ் வச்சுப் பார்த்தோம். நம்ம ஊர் பைப் மரை பிரிட்டிஷ் வழி, பிஎஸ்பி. மரையோட கோணம் 55 டிகிரி. 1841-ல விட்வொர்த் கொடுத்த கோணம். நான் வாங்கினது அமெரிக்க என்பிடி, 60 டிகிரி. அரை இஞ்ச் சைஸ்ல ரெண்டுக்குமே இஞ்சுக்கு 14 மரை. அதனாலதான் மல்லுக்கட்டாம ஏறிடுச்சு. ஆனா கோணம் பொருந்தாததால மரைக்கு நடுவுல சுருளா ஒரு சந்து. தண்ணி அது வழியாவே சுத்திச் சுத்தி வெளியே வந்திருக்கு. கால் இஞ்சா இருந்திருந்தா 19-க்கு 18, ரெண்டு சுத்துலயே இறுகி மாட்டியிருப்பேன்.

இன்னொரு வேடிக்கை: இந்த 'அரை இஞ்ச்' மரையோட வெளி விட்டம் கிட்டத்தட்ட 21 மில்லி. அரை இஞ்ச்னா 12.7 தானே? அது பழைய பைப்போட உள் துவாரத்துக்கு வச்ச பேரு. பேரை நம்பாம அளந்து பார்க்கணும். நாலு வருஷம் படிச்சவன் அதைச் செய்யல.

ஜிஎஸ்டி ரோடு ஹார்டுவேர் கடையில பிஎஸ்பி நிப்பிள் வாங்கினோம். பெரியப்பா கையில கட்டோட ஸ்டூல்ல உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் செஞ்சேன். பழைய டேப்பை வயர் பிரஷ்ஷால சுத்தமா எடுக்கணும். டெஃப்லான் டேப்பை நிப்பிள் இறுகுற திசையிலேயே சுத்தணும். எதிர்த் திசையில சுத்தினா முடுக்கும்போதே சுருண்டுக்கும். மூணு நாலு சுத்து போதும். முனையில முதல் மரையை விட்டுடணும், இல்லேன்னா டேப் துண்டு போய்க் காக்கை அடைச்சுக்கும். டேங்கைக் கழுவி, தண்ணியில எண்ணெயை ஊத்திக் கலக்கினோம். 20 பங்கு தண்ணிக்கு ஒரு பங்கு எண்ணெய். தண்ணி முதல்ல, எண்ணெய் அப்புறம்.

ஜாயின்ட்டுக்குக் கீழே ஒரு பேப்பரை விரிச்சு அரை மணி நேரம் ஓட்டினோம். பெரியப்பா குனிஞ்சு தடவிப் பார்த்தார். காய்ஞ்சே இருந்துச்சு.

"இனிமே ஒழுகினா சொல்லுவீங்களா?"ன்னு கேட்டேன்.

"நீ மாட்டிட்டுப் போனா, மறுநாள் ஒரு போன் பண்ணிக் கேளு"ன்னார்.

இப்ப கேக்குறேன். நீங்களும் யாருக்காவது எதையாவது சரிபண்ணிக் கொடுத்திருந்தா, இன்னிக்கே ஒரு போன் போட்டுக் கேளுங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.