அயல்நாட்டில் குடிபுகும் குடும்பம்

(தோட்ட மக்கள் கூட்டமொன்றில் தகவல் அதிகாரி ஆற்றிய உரை)



ஜப்பான் என்ற பெயரைக் கேட்டதும், தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு முதலில் நினைவுக்கு வருவது சயாம் மரண இரயில் பாதையே. 1942, 1943ஆம் ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரவர் அங்குக் கொண்டு செல்லப்பட்டனர். திரும்பி வராதோர் பலர். அதனை நாம் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. ஆயினும், 1982ஆம் ஆண்டில் மலேசிய அரசாங்கம் கிழக்கு நோக்கும் கொள்கையை அறிவித்த பின்னர், நம் இளைஞர்கள் கல்வி கற்கவும் தொழிற்பயிற்சி பெறவும் அந்நாட்டுக்குச் செல்லலாயினர். மனைவி மக்களுடன் சென்று தங்குவோரும் உளர். நாளை உங்கள் வீட்டுப் பிள்ளையும் செல்லக்கூடும். ஆகவே, ஜப்பானில் குடிபுகும் வெளிநாட்டுக் குடும்பம் எவற்றைக் கண்டு வியக்கிறது, எங்கே இடறுகிறது என்பதை இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

முதலில் வீட்டைப் பார்ப்போம். வாசலைத் தாண்டியதும் காலணிகளைக் கழற்றிவிட வேண்டும். இது நமக்குப் புதியதன்று. ஆனால் கழிவறைக்கென்று தனிச் செருப்பு வைத்திருப்பார்கள். அதனை அணிந்தபடியே கூடத்துக்கு வந்துவிட்டால் வீட்டார் முகம் சுளிப்பர். குளியலோ நம்மைத் திகைக்கவே வைக்கும். தொட்டி நிறையச் சுடுநீர் இருக்கும். சோப்புத் தேய்த்து உடலைக் கழுவுவது தொட்டிக்கு வெளியே. தூய்மையான பின்னரே நீரில் இறங்கி அமர வேண்டும். ஏனெனில் வீட்டிலுள்ளோர் ஒருவர் பின் ஒருவராக அதே நீரில் இறங்குவர். காரணம் அறியாமல் தொட்டிக்குள் சோப்புத் தேய்த்த விருந்தினர், அடுத்து வருவோரின் குளியலைக் கெடுத்தவராகிறார்.

அடுத்து, அக்கம்பக்கத்தார். நம் ஊரில் புதிதாக ஒருவர் வந்தால் பழையவர்கள் சென்று நலம் விசாரிப்பர். ஜப்பானியர் வழக்கமோ வேறு. புதிதாக வந்தவரே ஒரு துவாலையோ சிறு பலகாரப் பெட்டியோ எடுத்துக்கொண்டு, எதிர்வரிசை மூன்று வீடுகளுக்கும் இருபக்கத்து இரண்டு வீடுகளுக்கும் சென்று வணக்கம் கூறுவது அங்கு நெடுநாள் மரபு. இதனை அறியாத குடும்பம், "ஒருவரும் நம்மை எட்டிப் பார்க்கவில்லையே" என்று மனம் வருந்தும். அக்கம்பக்கத்தாரோ, "வந்தவர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லையே" என்று எண்ணியிருப்பர். இருசாராரும் நல்லவர்களே. இருவருக்கும் இடையே நிற்பது அறியாமை ஒன்றுதான்.

குப்பை போடுவதிலும் இவ்வாறே மனத்தாங்கல் நேரும். எரியக்கூடியது, எரியாதது, போத்தல், தகரம், காகிதம் என்று பிரித்து, அதற்குரிய நாளில் காலையில், குறித்த இடத்தில் வைக்க வேண்டும். விதி ஊருக்கு ஊர் மாறுபடும். தவறான நாளில் வைத்த பையில் ஓர் அறிவிப்புத்தாளை ஒட்டி அங்கேயே விட்டுச் செல்வர். தெருவார் அனைவரும் அதனைக் காண்பர். புதிதாக வந்தவர் நாணத்தால் தலைகுனிவார். அந்த இடத்தைப் பல ஊர்களில் அக்கம்பக்கத்தார் தாமே முறைவைத்துப் பெருக்குகின்றனர் என்பதை அறிந்துகொண்டால், அவ்வளவு கண்டிப்பு எதற்காக என்பது விளங்கும்.

மாலை வேளையில் பல ஊர்களில் ஒலிபெருக்கியிலிருந்து ஓர் இனிய இசை எழும். விளையாடும் பிள்ளைகள் வீடு திரும்புவர். பிரட்டு மணி கேட்டு எழுந்து பழகிய நாம், அதுவும் நேரம் அறிவிப்பது என்றே நினைப்போம். அதற்கு வேறொரு பயனும் உண்டு. நிலநடுக்கமோ பேரலையோ வரும்போது எச்சரிக்கை செய்யும் கருவி சரியாக இயங்குகிறதா என்று நாள்தோறும் அவ்வாறு சோதிக்கின்றனர். 1923ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள் தோக்கியோ வட்டாரத்தை அழித்த நிலநடுக்கத்தின் நினைவாக, ஆண்டுதோறும் அந்நாளில் அந்நாட்டு மக்கள் தற்காப்புப் பயிற்சி செய்கின்றனர்.

பேச்சிலும் ஒரு நுட்பம் உண்டு. ஜப்பானியர் "முடியாது" என்று முகத்துக்கு நேரே கூறத் தயங்குவர். ஓர் உதவி கேட்டால் தலையைச் சாய்த்து, "அது சற்று..." என்று இழுத்து நிறுத்திவிடுவர். நாம் மீதி வார்த்தைக்காகக் காத்திருப்போம். மீதி இல்லை, அதுவே மறுப்பு.

தோழர்களே, இவையெல்லாம் நாளடைவில் பழகிவிடும். பழகும்வரை காத்திருக்க முடியாத ஒன்று உண்டு. அதுதான் பிள்ளைகளின் கல்வி.

ஜப்பானில் தொடக்கப்பள்ளி 6 ஆண்டு, நடுநிலைப்பள்ளி 3 ஆண்டு, ஆக 9 ஆண்டுகள் கட்டாயக் கல்வி. பள்ளி ஆண்டு ஏப்ரல் மாதத்தில் தொடங்கும். பிள்ளைகள் அண்டை வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து, பெற்றோர் துணையின்றி நடந்தே பள்ளிக்குச் செல்வர். வகுப்பறையைத் தாமே பெருக்கித் துடைப்பர். வெள்ளை மேலாடையும் தொப்பியும் அணிந்து, நண்பகல் உணவைத் தாமே பரிமாறுவர். எல்லார்க்கும் ஒரே உணவு. மாட்டிறைச்சியோ பன்றியிறைச்சியோ உண்ணாத பிள்ளையின் பெற்றோர் முன்னரே ஆசிரியரிடம் கூற வேண்டும். சைவக் குடும்பத்தார் மேலும் விழிப்பாக இருக்க வேண்டும். காய்கறிச் சாறு என்று தோன்றுவதிலும் உலர்ந்த மீனின் சாறு கலந்திருக்கும்.

இங்கே முக்கியமான செய்தி ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கட்டாயக் கல்விச் சட்டம் ஜப்பானியக் குடிமக்களுக்கே உரியது. வெளிநாட்டுப் பெற்றோர் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்று சட்டம் கூறவில்லை. விண்ணப்பம் செய்தால் அரசாங்கப் பள்ளியில் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்வர், பாடநூலும் இலவசம். ஆனால் விண்ணப்பம் செய்ய வேண்டியவர் பெற்றோரே. கடிதம் வரும் என்று காத்திருந்தவர்களின் பிள்ளைகள் என்ன ஆயினர்? 2019ஆம் ஆண்டில் அந்நாட்டுக் கல்வி அமைச்சு நாடு முழுவதும் கணக்கெடுத்தபோது, ஏறத்தாழ 20,000 வெளிநாட்டுப் பிள்ளைகள் பள்ளியில் இல்லாமல் இருக்கக்கூடும் எனத் தெரியவந்தது. பின்னர் அத்தொகை குறைந்துள்ளது. எனினும், கேட்காத காரணத்தால் ஒரு பிள்ளை கல்வியை இழப்பதைவிடப் பெரிய இழப்பு ஒரு குடும்பத்துக்கு வேறு உண்டோ?

பள்ளி சென்ற பிள்ளை விரைவில் ஜப்பானிய மொழியில் பேசத் தொடங்கிவிடும். கடையிலும் மருத்துவமனையிலும் தாய்க்கு மொழிபெயர்ப்பாளரும் அதுவே ஆகிவிடும். அப்போது வீட்டில் தமிழ் பேசுவதை விட்டுவிடலாகாது. விட்டுவிட்டால், மகன் நினைப்பதைத் தாயும் தாய் சொல்வதை மகனும் அறியாத நாள் வந்துவிடும். அயல்மொழி வேலைக்கும் கல்விக்கும் வேண்டும். தாய்மொழி தாயும் பிள்ளையும் மனம்விட்டுப் பேச வேண்டும்.

ஆகவே, அங்குச் செல்லும் உங்கள் பிள்ளைகளுக்கு இதனைக் கூறி அனுப்புங்கள்: வியப்பூட்டும் வழக்கம் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கும், அதனை யாரும் தாமாக வந்து விளக்கமாட்டார், வெட்கப்படாமல் கேள், பள்ளியைப் பற்றி முதல் நாளே கேள்.

இறுதியாக ஒன்று. நம் தோட்டங்களிலும் இன்று இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தோர் உழைக்கின்றனர். அவர்களும் நம் வழக்கங்களைக் கண்டு திகைக்கத்தான் செய்வர். கேட்க மொழி தெரியாமல் நிற்பவரிடம் நாமே சென்று ஒரு வார்த்தை விளக்கிக் கூறுவோமாக. ஜப்பானில் நம் பிள்ளைக்கு ஒருவர் அவ்வாறு செய்யமாட்டாரா என்று ஏங்கும் நாம், இங்கே அதனைச் செய்வது கடமையாகும்.