விவாகரத்து மனுவில் குழந்தை

குடும்பநல நீதிமன்றச் சம்மனில் முதலில் பார்க்க வேண்டியது ஆஜராக வேண்டிய தேதி. அன்று வராவிட்டால் வழக்கு ஒருதலைப்பட்சமாக முடிந்துவிடலாம். கூடவே வரும் மனுவின் குற்றச்சாட்டுகளைப் படித்துக் கலங்குபவர்கள், கடைசிப் பத்தியைக் கவனிக்கத் தவறுகிறார்கள். கேட்கப்படுவது மணவிலக்கு மட்டுமா, குழந்தையின் பொறுப்பும் சேர்த்தா என்பது அங்கேதான் இருக்கும். 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, வழக்கு நடக்கும் காலத்துக்கான ஜீவனாம்சம் பற்றியது. 26ஆம் பிரிவு, குழந்தை யாரிடம் வளர்வது, படிப்பு, பராமரிப்புச் செலவு பற்றியது. ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்கும். மற்றவர் குழந்தையைப் பார்க்கும் நாள், நேரம், இடம், பள்ளி விடுமுறை எல்லாம் உத்தரவில் தெளிவாக இருக்க வேண்டும். ‘அவ்வப்போது பார்க்கலாம்’ என்று மட்டும் இருந்தால் ஞாயிறுதோறும் தகராறுதான்; நடுவில் தவிப்பது குழந்தை. 26ஆம் பிரிவு உத்தரவை, தீர்ப்புக்குப் பிறகும் மனுப்போட்டு மாற்றக் கோரலாம்.