பிரேசில் நாட்டுச் சிற்பி உணர்த்தும் பாடம்

(சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

கல்வியின் பயன் குறித்துப் பேசுமாறு விழாக் குழுவினர் நம்மைப் பணித்தனர். பொதுப்படப் பேசினால் அது வகுப்பறைப் பாடமாகிவிடும். ஆகவே, கடல் கடந்த பிரேசில் நாட்டில் கத்தோலிக்க ஆலயங்களுக்குச் சிலை செதுக்கி வாழ்ந்த ஒரு மனிதரின் வரலாற்றை உங்கள்முன் வைக்க விழைகின்றோம்.

பிரேசில் அன்று போர்ச்சுக்கல் மன்னரின் ஆட்சியில் இருந்தது. அந்நாட்டின் மினாஸ் ஜெராயிஸ் பகுதியில் தங்கம் கிடைத்தது. தங்கத்தை அள்ளியவர்கள் வெள்ளையர். சுரங்கத்தில் இறங்கி உழைத்தவர்களோ ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட அடிமைகள். அப்பகுதியில் விலா ரிக்கா என்னும் நகரம் எழுந்தது. இன்று அதற்கு ஓரோ பிரெத்தோ என்று பெயர். 1730களில் அங்கே பிறந்தவர் அந்தோனியோ பிரான்சிஸ்கோ லிஸ்போவா. தந்தை மனுவேல், போர்ச்சுக்கீசியக் கட்டடக் கலைஞர். தாய் இசபெல், ஆப்பிரிக்க அடிமைப் பெண்.

அப்பகுதியில் துறவற சபைகள் மடம் அமைக்க மன்னர் தடை விதித்திருந்தார். எனவே ஆலயங்களை எழுப்பியவை பொதுமக்களின் பக்தசபைகளே. அச்சபைகளும் நிறத்தால் பிரிந்து நின்றன. வெள்ளையருக்கு ஒரு சபை, கறுப்பருக்கு ஒரு சபை, கலப்பினத்தாருக்கு வேறொரு சபை! ஆண்டவன் ஒருவனே என்று வேதம் ஓதப்பட்டது. ஆயினும் மண்டியிடும் இடம் வேறுவேறாகவே இருந்தது. இக்காட்சி நமக்குப் புதிதன்று என்பதை விளக்கிச் சொல்லவும் வேண்டுமோ?

அந்நகரில் வெள்ளையரின் பிரான்சிஸ்கன் மூன்றாம் சபையார் புனித பிரான்சிஸ் அசிசியார் ஆலயத்தைக் கட்டினர். அதன் முகப்பில், ஐந்து காய வரம் பெறும் பிரான்சிசின் உருவத்தை வட்டக் கல்லில் செதுக்கியவர் அந்தோனியோ. உள்ளே பிரசங்க மேடைகளையும் அவரே செய்தார். ஆயினும் அவர் உறுப்பினராகச் சேர்ந்தது கலப்பினத்தாரின் புனித சூசையப்பர் சபையிலேயே. அவருடைய கைவேலைக்கு அங்கே கதவு திறந்தது. அவரது பிறப்புக்குத் திறக்கவில்லை.

நடுவயதில் அவரை ஒரு கொடிய நோய் பற்றியது. விரல்களும் பாதங்களும் உருக்குலைந்தன. ஊரார் அவரை 'அலெய்ஜாதிஞ்ஞோ' என்று அழைக்கத் தொடங்கினர். 'சின்ன முடவன்' என்பது அதன் பொருள். அப்பெயரே உலகெங்கும் நிலைத்துவிட்டது. உளியையும் சுத்தியலையும் அவருடைய கைகளில் கட்டிவிடுவர் என்று 1858ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது முதல் வாழ்க்கை வரலாறு கூறுகின்றது.

அந்நிலையிலேதான் அவருடைய பெரும்பணி தொடங்கிற்று. கொங்கோன்யாஸ் என்னும் ஊரில், குன்றின்மேல் அமைந்த நல்ல இயேசு திருத்தலத்திற்காக 1796 முதல் 1799 வரை 66 மரச்சிலைகளை அவரும் அவருடைய பட்டறையினரும் செய்தனர். கடைசி இராவுணவு முதல் சிலுவையில் அறையப்படுவது வரையிலான பாடுகளின் காட்சிகள் அவை. இன்று ஆறு சிற்றாலயங்களில் விளங்குகின்றன. பின்னர் 1800 முதல் 1805 வரை, ஆலயத்தின் முன்படிகளிலும் சுற்றுமதிலிலும் நிற்கும் பன்னிரு இறைவாக்கினர் சிலைகளை மாக்கல்லில் வடித்தனர். நம் வீடுகளில் கற்சட்டி கடையும் கல் இவ்வினத்தைச் சேர்ந்ததே. உளிக்கு எளிதில் இணங்குவது. தானியேலின் காலடியில் சிங்கம் படுத்திருக்கின்றது. எளியோருக்கு இழைத்த அநீதியைக் கண்டித்த ஆமோஸ், ஆட்டுத்தோல் மேலாடை அணிந்த இடையனாகவே நிற்கின்றார். பன்னிருவர் கையிலும் எழுத்துப் பொறித்த ஓலைச்சுருள் காணப்படுகின்றது. இத்திருத்தலத்தை 1985ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது.

இளைஞர்களே! இப்போது ஒன்றைக் கூர்ந்து கவனியுங்கள். இச்சிலைகள் இவருடையவையே என்பதற்குச் சான்று யாது? நோயின் கதையன்று, ஊரார் வைத்த பட்டப் பெயருமன்று. கூலி பெற்றுக்கொண்டமைக்கு அவர் எழுதிக்கொடுத்த பற்றுச்சீட்டுகளே சான்று. அவற்றின் அடியில் 'அந்தோனியோ பிரான்சிஸ்கோ லிஸ்போவா' என்று கையெழுத்திட்டுள்ளார். அடிமைத் தாயின் மகன், உருக்குலைந்த விரல்களால் தன் பெயரைத் தானே எழுதினார். அதனால் அவருடைய உழைப்பை இன்னொருவர் பெயரில் எழுதிக்கொள்ள இயலாமற் போயிற்று.

நம் முன்னோர் கட்டாத கோயில் எது? வெட்டாத குளம் எது? ஆனால் அவர்களுள் எத்தனை பேர் பெயர் எஞ்சி நிற்கின்றது? கைநாட்டு வைத்த காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்பதை அறியாமலே நிலத்தை இழந்தவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! பிறர் சூட்டிய பெயரைச் சுமந்து, நம் பெயரை நாம் எழுத இயலாதிருந்த காலம் அது. அதனை மாற்றுவதற்கே இச்சங்கம் தோன்றியது.

மற்றோர் உண்மையையும் மறைத்தல் தகாது. இச்சிற்பியும் அடிமைகளை வைத்திருந்தார். அவர் கையில் உளியைக் கட்டிவிட்ட மவுரிசியோ என்பவரும் அவருடைய அடிமையே. தன் தாய் சுமந்த நுகத்தை மற்றவர் தோளில் அவர் வைத்தார். பிரேசிலில் அடிமை முறை சட்டத்தால் ஒழிந்தது 1888ஆம் ஆண்டிலேதான். திறமை ஒருவரை உயர்த்தலாம். அதனால் மட்டும் ஒரு சமுதாயத்தின் விலங்கு அறுந்துவிடாது. படித்துப் பதவி பெற்றபின் பின்னால் நிற்கும் தம்பியை மறப்பவன், அந்த நுகத்தையே மீண்டும் கையில் எடுக்கின்றான். அரசு ஊழியம் பெற்றுவிட்ட நம்மைப் போன்றோருக்கே இவ்வெச்சரிக்கை முதலில் உரியது.

அந்தோனியோ 1814ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் வறுமையில் மறைந்தார். அவரை உள்ளே சேர்க்காத சபையின் ஆலயத்தைக் காண இன்று உலகமே செல்கின்றது. அவர் பெயரைக் கேட்டே செல்கின்றது.

ஆகவே, தொழில் எதுவாயினும் அதனைத் தேர்ந்து கற்றிடுவீர். செய்த வேலைக்கு உங்கள் பெயரால் கையெழுத்திடுவீர். படித்த ஒவ்வொருவரும், கைநாட்டு வைக்கும் முதியோர் ஒருவரையேனும் எழுத்தறியச் செய்வீர். அடுத்த விழாவிற்கு இச்சங்கத்தின் வருகைப் பதிவேட்டில் ஒரு கைநாட்டும் இல்லாதிருக்குமாயின், அதுவே இவ்விழாவின் உண்மையான வெள்ளி எனக் கருதுவோம்.