தாயின் உடல் எடையும் தாய்ப்பாலும்

(ஜமாஅத் சார்பில் நடைபெற்ற குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

திருமறையின் அல்பகரா அத்தியாயத்தில் 233ஆம் வசனம் பாலூட்டலைப் பற்றிப் பேசுகிறது. அதனை முழுமையாக்க விரும்புவோருக்கு இரண்டு ஆண்டுகள் எனக் காலம் வகுக்கும் அதே வசனம், பாலூட்டும் தாயின் உணவுக்கும் உடைக்கும் தந்தையைப் பொறுப்பாக்குகிறது. குழந்தையை முன்னிட்டுத் தாய் துன்புறுத்தப்படலாகாது என்றும் கட்டளையிடுகிறது. ஆகவே, இது பெண்கள் விஷயம் என்று ஆண்கள் ஒதுங்கிக்கொள்ள மார்க்கத்தில் இடமில்லை.

பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் பாலூட்டத் தொடங்க வேண்டும்; முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும்; பின்னர் மற்ற உணவோடு இரண்டு ஆண்டுகள் வரையிலும் அதற்கு மேலும் தொடரலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இதனை நாம் அனைவரும் அறிவோம். ஆயினும் நம் வீடுகளில் நடப்பது என்ன?

குழந்தை பிறந்து மூன்றாம் நாள். தாய்க்குப் பால் இன்னும் பெருகவில்லை, குழந்தை அழுகிறது. பார்க்க வந்த உறவினர் ஒருவர், "உடம்பு இவ்வளவு இருந்தும் பால் இல்லையே" என்கிறார். அன்று மாலையே பால்மாவு டின் வீட்டுக்கு வந்துவிடுகிறது. புட்டிப்பாலில் வயிறு நிறைந்த குழந்தை மார்பில் சப்புவது குறைகிறது. சப்புவது குறைந்தால் சுரப்பும் குறையும். அடுத்த மாதம், "எனக்குப் பாலே இல்லை" என்று அந்தத் தாயே நம்பத் தொடங்கிவிடுகிறார்.

இதில் நடந்தது என்ன என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும். கர்ப்ப காலத்தில் மிகுதியாக இருக்கும் புரோஜெஸ்ட்ரோன் என்னும் ஹார்மோன், நஞ்சுக்கொடி வெளியேறியதும் விரைந்து குறைகிறது. அதன் பிறகே பால் பெருகத் தொடங்குகிறது. வழக்கமாக இரண்டு, மூன்று நாட்களில் இது நிகழ்ந்துவிடும். கருவுறுவதற்கு முன்பே உடல் எடை மிகுந்திருந்த தாய்மார்களிடம் இது மூன்று நாட்களையும் கடந்து தாமதமாவது அதிகம். அவர்கள் பாலூட்டலை முன்கூட்டியே நிறுத்திவிடுவதும் அதிகம் என்று பல நாடுகளின் ஆய்வுகள் கண்டிருக்கின்றன.

பால் உற்பத்திக்கு உரிய ஹார்மோன் புரோலாக்டின். குழந்தை சப்பும்போது அது உயர வேண்டும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேத்லீன் ராஸ்முசென் குழுவினர் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், எடை மிகுந்த தாய்மார்களிடம் முதல் வாரத்தில் இந்த உயர்வு குறைவாக இருப்பதைக் கண்டனர். எடை மிகுதியோடு இன்சுலின் சரிவர வேலை செய்யாமை, கர்ப்பகால நீரிழிவு, அறுவைப் பிரசவம் ஆகியனவும் சேர்ந்து வருவதுண்டு. இவை ஒவ்வொன்றும் பால் பெருகுவதைத் தாமதப்படுத்தக் கூடியவை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தாமதம் என்பது இல்லாமை அன்று. எடை மிகுந்த தாய்மார்கள் பலர் நிறைவாகப் பாலூட்டி வருகின்றனர். தொடக்க நாட்களில் அவர்களுக்குக் கூடுதல் துணை வேண்டும், அவ்வளவுதான். அந்த நேரத்தில் குத்திக்காட்டும் சொல், பால்மாவு டின்னைவிடக் கெடுதி செய்யும்.

மெலிந்த மருமகளைப் பார்த்து, "இந்த உடம்பில் பால் எங்கிருந்து வரும்" என்று கேட்பதும் தவறே. எடை குறைந்த தாயாலும் தன் குழந்தைக்குப் போதுமான பாலைத் தர இயலும். ஆனால் அவருக்குக் குறைந்த எடையில் குழந்தை பிறக்கும் வாய்ப்பு அதிகம். அவரது சொந்த உடலும் தளர்ந்துவிடும். இவருக்கும் கருவுறுமுன்பே சத்துணவு தேவை.

இது எங்கோ நடக்கும் செய்தி அன்று. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்துப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் அதிக எடை அல்லது உடற்பருமன் உடையவர்கள். அதே ஆய்வில், பிரசவங்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 45 அறுவைச் சிகிச்சை மூலம் நிகழ்ந்தவை.

எடையை அறிய எளிய கணக்கு ஒன்று உண்டு. கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இருமுறை வகுக்க வேண்டும். 18.5-க்குக் கீழ் வந்தால் மெலிவு. 25-ஐ எட்டினால் அதிக எடை என்பது உலக அளவுகோல். நம் நாட்டவருக்கு 23-லேயே எச்சரிக்கை தேவை என்று இந்திய மருத்துவ வல்லுநர்கள் கூறுகின்றனர். 155 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்கு 55 கிலோவில் 23 வருகிறது. 60 கிலோவில் 25 வருகிறது. ஆனால் பெண் பார்க்கும் இடத்தில் இந்தக் கணக்கைப் போட்டு எந்தப் பெண்ணையும் தள்ளிவிடாதீர்கள். இது நலம் பேணுவதற்கான கணக்கு. குறை காண்பதற்கானது அன்று.

எடையைச் சீராக்க உகந்த காலம் கருவுறுவதற்கு முந்தைய காலமே. கருவுற்ற பின் பட்டினி கிடந்து எடை குறைக்க முயலக் கூடாது. அதேபோல் "இரண்டு பேருக்குச் சாப்பிடு" என்று நெய்ச்சோற்றையும் இனிப்பையும் திணிப்பதும் கூடாது. கர்ப்ப காலத்தில் கூட வேண்டிய எடைக்கு அமெரிக்க மருத்துவக் கழகம் 2009ஆம் ஆண்டு வகுத்த அளவு இது: இயல்பான எடையுள்ளவருக்கு 11.5 முதல் 16 கிலோ. அதிக எடையுள்ளவருக்கு 7 முதல் 11.5 கிலோ, உடற்பருமன் உள்ளவருக்கு 5 முதல் 9 கிலோ. அவரவர்க்கு உரியதைத் தம் மருத்துவரிடம் கேட்டறிக.

பிரசவமான பின் செய்ய வேண்டியவை சில. அறுவைப் பிரசவமானாலும், தாயும் சேயும் நலமாக இருப்பின், குழந்தையைத் தாயின் மேனியோடு சேர்த்து வைத்து முதல் மணி நேரத்திலேயே மார்பில் விட வேண்டும். ஒரு நாளில் 8 முதல் 12 முறை பாலூட்ட வேண்டும். இரவும் இதில் அடங்கும். சீம்பால் அளவில் குறைவுதான். ஆனால் முதல் நாட்களில் பசியாற்றவும் நோயைத் தடுக்கவும் அதுவே ஏற்றது. தஹ்னீக் செய்வது வேறு. அதைக் காரணம் காட்டிச் சர்க்கரை நீர் ஊட்டுவது வேறு. தேனோ, ஒரு வயது நிறையும் வரை கொடுக்கவே கூடாது. மார்பு பெரிதாக உள்ள தாய்மார்கள், சுருட்டிய துண்டை மார்பின் அடியில் தாங்கலாக வைத்து, குழந்தையைக் கைக்குக் கீழ் பக்கவாட்டில் அணைத்து ஊட்டினால் எளிதாகும். குழந்தை சப்பத் தயங்கினால் பாலைக் கையால் பீய்ச்சிப் பாலாடையில் புகட்டலாம்.

குழந்தை சோர்ந்து தூங்கிக்கொண்டே இருந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, எடை மிகவும் இறங்கினாலோ உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். வேறு பால் தேவை என மருத்துவர் சொன்னால் மறுக்க வேண்டாம். அதையும் பாலாடையிலேயே புகட்டி, மார்பில் விடுவதைத் தொடர்ந்தால் சுரப்பு மீளும்.

கணவன்மார்களே! இரவில் குழந்தையைத் தூக்கிக் கொடுப்பதும், வருவோர் போவோரின் சொல்லிலிருந்து மனைவியைக் காப்பதும் உங்கள் பொறுப்பு.

நிர்வாகிகளிடம் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். நம் பெண்கள் தெருவில் நடக்கத் தயங்குகிறார்கள். அவர்களுக்கென்று இடமும் இல்லை. அஸர் தொழுகைக்குப் பின் மதரஸா வளாகத்தை ஒரு மணி நேரம் அவர்களின் நடைப்பயிற்சிக்கு ஒதுக்கித் தாருங்கள். நிக்காஹ் பதிவுக்கு வரும் இரு வீட்டாருக்கும், மணமக்களின் எடை, இரத்தச் சர்க்கரை, இரத்தசோகை குறித்த ஆலோசனைத் தாள் ஒன்றைக் கொடுங்கள். பிறக்கப் போகும் குழந்தையின் உரிமை அங்கிருந்தே தொடங்குகிறது.

வல்ல அல்லாஹ் நம் தாய்மார்களுக்கு ஆரோக்கியத்தையும், நம் குழந்தைகளுக்கு நிறைவான தாய்ப்பாலையும், நம் அனைவருக்கும் இதமான நாவையும் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.