புதுக் கம்பனி வந்தால் எங்களுக்கு இலாபமா?



பலசரக்குக் கடைக்குப் பக்கத்தில் இன்னொரு கடை திறந்தால் அரிசி விலை இறங்கும். நீங்கள் எந்தக் கடையில் வாங்கினாலும் எனக்கு நட்டமில்லை. தொலைபேசி விடயம் வேறு. உலகத்தில் ஒருவரிடம் மட்டும் தொலைபேசி இருந்தால் அவர் யாரோடு கதைப்பது? பாவிக்கிற ஆட்கள் கூடக்கூடத்தான் அதற்குப் பெறுமதி.

அமெரிக்காவில் பெல் கம்பனியின் மூலக் காப்புரிமைகள் 1893இலும் 1894இலும் முடிவடைந்தன. உடனே ஏராளமான புதிய கம்பனிகள் முளைத்தன. கட்டணம் குறைந்தது. பெல் எட்டிப் பார்க்காத கிராமங்களில் விவசாயிகளே சேர்ந்து கம்பி இழுத்தார்கள். இது நன்மை.

ஆனால் பெல் தன் இணைப்பைப் போட்டிக் கம்பனிகளுக்குக் கொடுக்க மறுத்தது. ஒரே நகரத்தில் இரண்டு கம்பனிகள் இருந்தாலும், ஒன்றில் இருப்பவர் மற்றதில் இருப்பவரோடு கதைக்க முடியாது. வியாபாரிகள் இரண்டு தொலைபேசி வைத்து இரண்டு கட்டணம் கட்டினார்கள். 1913இல், அரசாங்கத்தின் நெருக்குதலால், பெல்லின் தாய்க் கம்பனியான ஏ.ரி. அன்ட் ரி. தன் தூர அழைப்புக் கம்பிகளை மற்றவர்களுக்கும் திறந்துவிட இணங்கியது.

என் கைபேசியைப் பார்க்கிறேன். யாழ்ப்பாணத்தில் அக்கா வைபரில், கனடாவில் மைத்துனர் வட்ஸ்அப்பில். நானும் இரண்டு தொலைபேசி வைத்த வியாபாரிபோலத்தான். நாளைக்கு இவற்றைவிடத் திறமான, எங்கள் தகவல்களைப் பாதுகாக்கிற ஒரு செயலி வரலாம். ஆனால் அக்கா வராமல் நான் மட்டும் அங்கே போய் என்ன செய்வது? இப்படி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு எல்லோரும் பழைய இடத்திலேயே நிற்போம். பெரிய கம்பனியின் பலம் அதுதான். வட்ஸ்அப்பை 2014இல் பேஸ்புக் வாங்கியபோது அறிவித்த விலை 1900 கோடி டொலர். அதில் பெரும்பங்கு அங்கே கூடியிருந்த எங்களைப் போன்ற ஆட்களுக்கான விலை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டப்படி, 2024 மார்ச் முதல், கேட்டு வருகிற வேறு செய்திச் சேவைகளுக்கும் வட்ஸ்அப் இணைப்புக் கொடுக்க வேண்டும். நான் இதை வரவேற்கிறேன். இணைப்புக் கிடைத்தால் அக்கா ஒன்றிலும் நான் இன்னொன்றிலும் இருந்தபடியே கதைக்கலாம். புதுக் கம்பனி வருவதன் பலன் அப்போதுதான் எங்கள் வீடுவரை வந்து சேரும்.

ஆகவே நேயர்களே, ஒரு புதுச் சேவை வந்தால் விலையை மட்டும் விசாரிக்காதீர்கள். இதிலிருந்து மற்றதில் இருப்பவரோடு கதைக்க முடியுமா என்றும் கேளுங்கள். முடியாதென்றால், மாறுவதற்கு முன் குடும்பமாகப் பேசி முடிவெடுங்கள்.