குழிச்சுவர் சொல்லும் சாட்சி



நத்தமேடு, பாழ்மேடு, திடல் என்று ஊரார் ஓர் இடத்தைச் சுட்டினால், அங்கே பானை ஓடு கிடைக்கும் என்று நம்பி நடக்கலாம். கள ஆய்வுக்குப் போன எல்லோருக்கும் இது தெரியும். மேட்டின் நடுவில் ஒரு சோதனைக் குழி போட்டால் கன்னிமண் வரைக்கும் ஊரின் வரலாறு வரிசையாக வந்துவிடும் என்றும் நம்புகிறோம். இந்த இரண்டாவது நம்பிக்கையைப் பற்றித்தான் பேச விரும்புகிறேன்.

மாணவனாக இருந்தபோது ஒரு கிராமத்து மேட்டில் ஐந்துக்கு ஐந்து மீட்டர் குழி என் பொறுப்பில் இருந்தது. இரும்புக்காலத்துக் கருப்பு-சிவப்பு ஓடுகள் வந்துகொண்டிருந்த மட்டத்தில், கரணை நுனியில் புகை பிடிக்கும் சுடுமண் சுங்கான் ஒன்று தட்டுப்பட்டது. புகையிலை போர்த்துக்கீசியர் வழியாக இந்த மண்ணுக்கு வந்த பயிர். இரும்புக்கால மண்ணில் சுங்கானுக்கு என்ன வேலை? மறுநாள் குழிச்சுவரில் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். மேலடுக்கிலிருந்து கிண்ணம் போல வளைந்து இறங்கிய சாம்பல் நிறக் கோடு ஒன்று தெரிந்தது. பிற்காலத்தில் யாரோ வெட்டிய குப்பைக்குழி அது. நான் அதைக் கண்டுபிடிப்பதற்குள் இரண்டு காலத்து ஓடுகளையும் ஒரே பையில் போட்டு முடிந்திருந்தது. அவற்றை இனி யாராலும் பிரிக்க முடியாது.

முந்தின நாளே, மண் அள்ளிக்கொண்டிருந்த அம்மா ஒருவர், "இந்த மூலையில மட்டும் மண்ணு பொலபொலன்னு உதிருதுங்க சார்" என்று சொல்லியிருந்தார். நான் காதில் வாங்கவில்லை. அந்த வருத்தம் இன்றும் எனக்கு உண்டு.

மக்கள் திரும்பத் திரும்பக் குடியேறிய ஊரில் அடுக்குகள் இப்படித்தான் கலக்கும். குதிர் புதைக்கத் தோண்டுவார்கள். பழைய சுவரின் செங்கல்லைப் பெயர்த்துப் புதுச் சுவர் கட்டுவார்கள். கீழே கிடந்தது மேலே வரும், மேலே இருந்தது கீழே போகும்.

ஆனாலும் அடுக்கைக் கவனமாகக் குறித்து வைத்தால் அது நிலைக்கும். 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில், காலம் தெரிந்த இத்தாலிய அரிட்டைன் ஓடுகளைக் கொண்டு ரௌலட்டட் ஓடுகளுக்குக் காலம் குறித்தார். 1947இல் கர்நாடகத்துப் பிரம்மகிரியில் அந்த ரௌலட்டட் ஓடுகளே அவருக்கு அளவுகோல் ஆயின. கற்கோடரிக் காலம், பெருங்கற்காலம், அதன் மேல் ஆந்திரர் காலம் என்று அடுக்குகளை வரிசைப்படுத்தினார். பின்னால் வந்த கரிமக் காலக்கணிப்பு அவர் சொன்ன ஆண்டுகளை வெகுதூரம் பின்னுக்குத் தள்ளியது. ஆனால் அடுக்கு வரிசை நின்றது. கீழடியில் 353 செ.மீ. ஆழத்துக் கரித்துண்டு கி.மு. 580 என்று காலம் காட்டியதை அனைவரும் கொண்டாடினோம். அந்த ஆழத்தையும் அடுக்கையும் குறித்து வைத்திராவிட்டால் அது வெறும் கரித்துண்டுதான்.

எனவே இங்கே கட்டுரை வாசிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். மணியையும் எழுத்துப் பொறித்த ஓட்டையும் காட்டும் முன் குழியின் நான்கு சுவர் வரைபடங்களையும் காட்டுங்கள். ஒன்றும் கிடைக்காத குழியாக இருந்தால் அதையும் காட்டுங்கள். ஊர் எந்த இடத்தோடு முடிந்தது என்று சொல்ல அந்தக் குழியை விட்டால் வேறு சாட்சி கிடையாது.

சுங்கான் கிடைத்த குழியின் வரைபடத்தை வாசலருகே மேசையில் வைத்திருக்கிறேன். முதலில் தவறாக வரைந்த கோட்டை அழிக்கவில்லை. குப்பைக்குழியின் விளிம்பு சிவப்புப் பென்சிலில் இருக்கும். இடைவேளையில் பாருங்கள். இப்போது முதல் அமர்வைத் தொடங்கலாம்.